அப்டேட் கோப்புக்குள் இருக்கும் பயாஸ்: பிரித்தெடுப்பது முதல் சிப்பில் ஏற்றுவது வரை

சில ஆண்டுகளுக்கு முன் என் மேசைக்கு ஒரு மடிக்கணினி வந்தது. பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும், விசிறி சுற்றும், திரை மட்டும் கறுத்தே கிடக்கும். கணினியைத் துவக்கும் முதல் நிரலான பயாஸுக்கு அப்டேட் ஓடிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போய்விட்டது என்றார் உரிமையாளர். பேட்டரி பெயருக்குத்தான் இருந்தது. தயாரிப்பாளரின் தளத்திலிருந்து அதே மாடலுக்கான அப்டேட்டை இறக்கிப் பிரித்தேன். உள்ளே சரியாக 8 எம்பி அளவில் ஒரு கோப்பு. மதர்போர்டில் இருந்த சிப்பும் 8 எம்பி. இதற்கு மேல் என்ன பொருத்தம் பார்க்க வேண்டும் என்று நினைத்து, சிப்பில் இருந்ததைச் சேமித்து வைக்காமலே எழுதிவிட்டேன். அதற்குப் பிறகு விசிறிகூடச் சுற்றவில்லை.

மறுநாள் அந்தக் கோப்பை, பைட் பைட்டாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தேன். முதல் இரண்டு எம்பி முழுவதும் எஃப்எஃப், எஃப்எஃப் என்று வரிசை வரிசையாக வெறுமை. பயாஸ் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. தயாரிப்பாளரின் அப்டேட் நிரல் அந்த வெற்றுப் பகுதியைத் தொடாமல் மீதியை மட்டும் எழுதும். நான் முழுவதையும் எழுதியதால், சிப்பின் தொடக்கத்தில் இருந்த, போர்டு உயிர்பெறவே தேவையான தகவல்கள் துடைத்தெடுக்கப்பட்டுவிட்டன.

அப்டேட் பொதியில் கிடைப்பது அந்த மாடலின் எல்லா இயந்திரங்களுக்கும் பொதுவான சரக்கு. உங்கள் இயந்திரத்துக்கே உரியது உங்கள் சிப்பில் மட்டும்தான் இருக்கிறது. பழுதுபார்ப்பதற்கு இரண்டும் வேண்டும், எது எங்கே முடிகிறது என்பதும் தெரிய வேண்டும். கட்டளைகளை எழுத்தெழுத்தாக இங்கே தரப்போவதில்லை. அவை அந்தந்தக் கருவியின் உதவிப் பக்கத்திலேயே இருக்கின்றன. எந்தக் கட்டத்தில் என்ன செய்கிறோம், ஏன் செய்கிறோம் என்பதைச் சொல்கிறேன்.

## சிப்பின் நிலப்படம்

பயாஸ் சிப் என்று நாம் சொல்வது பெரும்பாலும் எட்டுக் கால்கள் கொண்ட ஒரு எஸ்பிஐ ஃபிளாஷ் நினைவகம். வின்பாண்ட், மேக்ரானிக்ஸ், கிகாடிவைஸ் ஆகியவை அடிக்கடி கண்ணில் படும் பெயர்கள். சிப்பின் மேல் உள்ள எண்ணில் 64 என்றிருந்தால் 64 மெகாபிட், அதாவது 8 எம்பி. 128 என்றால் 16 எம்பி, 256 என்றால் 32 எம்பி. பிட்டையும் பைட்டையும் குழப்பிக்கொண்டு தவறான அளவில் வாசித்தவர்கள் ஏராளம்.

இன்டெல் கணினிகளில் இந்தச் சிப் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஆளுக்கு ஆள் கையில் வைத்திருக்கும் திங்க்பேட் எக்ஸ்230-ஐ எடுத்துக்கொள்வோம். 2012-இல் வந்த மாடல், இன்றும் பழைய கணினிச் சந்தையில் கிடைக்கிறது, பழகுவதற்கு நல்ல இயந்திரம். அதில் 8 எம்பி சிப் ஒன்றும் 4 எம்பி சிப் ஒன்றும் அடுத்தடுத்து இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து 12 எம்பி கொண்ட ஒரே நிலமாகவே போர்டு பார்க்கிறது.

தொடக்கத்தில் 4,096 பைட் டிஸ்கிரிப்டர். நிலத்தின் பட்டா என்று வைத்துக்கொள்ளலாம்: எந்தப் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, யார் எதைத் தொடலாம் என்பதெல்லாம் இதில்தான். அடுத்த 8,192 பைட் கம்பிவழி வலையமைப்புக்கானது. வலையமைப்பில் கணினியை அடையாளம் காட்டும் மேக் முகவரி இங்கே இருக்கிறது. அதற்கடுத்த 52,30,592 பைட் எம்ஈ, அதாவது இன்டெலின் மேனேஜ்மென்ட் எஞ்சின் என்ற துணைச் செயலிக்கான நிரல். கடைசி 73,40,032 பைட், அதாவது சரியாக 7 எம்பி, பயாஸ் பகுதி. கூட்டிப் பாருங்கள், 1,25,82,912 வரும். அதுதான் 12 எம்பி. பயாஸ் பகுதி இரண்டு சிப்களிலும் பரவிக் கிடக்கிறது: முதல் 3 எம்பி பெரிய சிப்பின் வாலில், மீதி 4 எம்பி சிறிய சிப் முழுவதும்.

அப்டேட் பொதி பெரும்பாலும் இந்தக் கடைசிப் பகுதிக்கான சரக்கைத்தான் கொண்டுவருகிறது. எம்ஈ-க்குத் தனி அப்டேட் வரும். பட்டா பெரும்பாலான பொதிகளில் வராது, உங்கள் மேக் முகவரி எந்தப் பொதியிலும் வராது. பயாஸ் பகுதிக்குள்ளேயேகூட என்விராம் என்ற ஒரு மூலையில் இயந்திரத்தின் வரிசை எண், யுயுஐடி என்ற தனி அடையாள எண், அமைப்புகள் போன்றவை இருக்கும். விண்டோஸ் 8-ஓ அதற்குப் பிந்தையதோ போட்டு விற்கப்பட்ட கணினியானால் அதன் உரிமச் சாவியும் சிப்பிலேயே இருக்கும். பொதியில் அந்த மூலை காலியாகவோ பொதுவான மதிப்புகளோடோ வரும்.

ஏஎம்டி கணினிகளில் இந்த டிஸ்கிரிப்டர் கிடையாது. அதற்குப் பதிலாக, பெரும்பாலும் படிமத்தின் (சிப்பின் உள்ளடக்கத்தை அப்படியே கொண்ட கோப்பின்) 1,31,072-ஆவது பைட்டில் ஏஏ 55 ஏஏ 55 என்ற அடையாளத்தோடு ஒரு அட்டவணை தொடங்கும். ஏஎம்டி-யின் பாதுகாப்புச் செயலிக்கான ஃபர்ம்வேர் என்ற உள்நிரல் எங்கே இருக்கிறது என்பதை அது சொல்கிறது. சிப் முழுவதற்குமான படிமமே பொதியில் கிடைப்பது ஏஎம்டி மாடல்களில் சற்று அதிகம். அப்போதும் என்விராம் உங்களுடையதாக இருக்காது.

## சிப்பைத் தொடும் முன்

கணினி இறந்துகிடந்தாலும் பயாஸில் முதலில் ஓடும் சிறு பகுதியான பூட் பிளாக் மட்டும் உயிரோடு இருந்தால், பென் டிரைவிலிருந்து தானே மீண்டுகொள்ளும் வசதி பல மாடல்களில் உண்டு. எச்பி கணினிகளில் விண்டோஸ் விசையையும் பி விசையையும் அழுத்திப் பிடித்தபடி பவர் பொத்தானை அழுத்திப் பாருங்கள். டெல் கணினிகள் பலவற்றில் கன்ட்ரோல், எஸ்கேப் இரண்டையும் பிடித்துக்கொண்டு சார்ஜரைச் செருக வேண்டும். அதற்கு முன் அப்டேட் கோப்பின் பெயரை பயாஸ்_ஐஎம்ஜி என்றும் நீட்டிப்பை ஆர்சிவி என்றும் மாற்றி, ஃபாட்32-இல் வடிவமைத்த பென் டிரைவில் வைத்திருக்க வேண்டும். பத்து நிமிட வேலை. இது பலித்தால் கீழே உள்ள எதுவும் தேவையில்லை. நேரே சிப்பின் கால்களைக் கவ்வும் கிளிப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் ஆர்வக்கோளாறு எனக்கும் இருந்தது, அதனால்தான் முதலிலேயே சொல்கிறேன்.

## பொதியைப் பிரித்தல்

பொதியை இறக்கும்போது மாடல் பெயரோடு நிறுத்தாமல் போர்டு எண்ணையும் பாருங்கள். ஒரே பெயரில் இன்டெல் போர்டும் ஏஎம்டி போர்டும் விற்கப்படுகின்றன. பழுதான கணினியில் எந்தப் பதிப்பு இருந்தது என்பது தெரிந்தால் அதே பதிப்பையே எடுங்கள். புதியது நல்லது என்ற எண்ணம் இங்கே உதவாது.

பிரிக்கும் வேலையை வேறொரு கணினியில் செய்யுங்கள், முடிந்தால் லினக்ஸில். அங்கே விண்டோஸ் நிரலைத் தவறி இருமுறை சொடுக்கினாலும் ஒன்றும் ஓடிவிடாது.

முதல் முயற்சி எப்போதும் செவன்-ஜிப் என்ற, சுருக்கிய கோப்புகளை விரிக்கும் நிரல். நிரல் கோப்பின்மேல் வலச் சொடுக்கிட்டு, காப்பகமாகத் திறக்கச் சொல்லுங்கள். எச்பி-யின் சாஃப்ட்பேக் கோப்புகள் பெரும்பாலும் இதிலேயே விரிந்துவிடும். உள்ளே ‘பின்’ (bin) என்ற நீட்டிப்போடு ஒரு கோப்பும் அதன் கையொப்பக் கோப்பும் இருக்கும். லெனோவோவின் திங்க்பேட் பொதிகள் இன்னோ செட்டப் என்ற நிறுவியால் கட்டப்பட்டவை. அவற்றை இன்னோஎக்ஸ்ட்ராக்ட் என்ற சிறு கருவி ஒரே கட்டளையில் பிரித்துவிடும். உள்ளே எஃப்எல்1, எஃப்எல்2 என்ற நீட்டிப்புகளோடு கோப்புகள் கிடக்கும். முதலாவது பயாஸ். இரண்டாவது விசைப்பலகை, பேட்டரி, விசிறி ஆகியவற்றைக் கவனிக்கும் இசி என்ற துணைக் கட்டுப்படுத்திக்கானது. இரண்டையும் மாற்றி எழுதிவிட்டால் என்ன ஆகும் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன்.

ஐஎஸ்ஓ வடிவில் வரும் திங்க்பேட் அப்டேட்டைத் திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லாததுபோலத் தோன்றும். துவக்கப் படிமம் எல் டொரிட்டோ என்ற முறையில் மறைந்திருப்பதே காரணம். கெட்எல்டொரிட்டோ என்ற கருவியால் அதை வெளியே எடுத்தால், அதற்குள் ஒரு பழைய பாணி ஃபாட் வட்டு இருக்கும். நமக்கு வேண்டிய கோப்புகள் அங்கே.

ஆசுஸ் மடிக்கணினிகளில் கோப்பின் நீட்டிப்பே பதிப்பு எண்ணாக இருப்பதைப் பார்க்கலாம்: பெயருக்குப் பின் புள்ளி, அதன்பின் 312 போன்ற ஒரு எண். எந்த நிரலோடு திறப்பது என்று விண்டோஸ் விழிக்கும். அது நேரடியான படிமம்தான், அல்லது மெல்லிய உறை போர்த்திய படிமம்.

டெல் தன் கோப்புகளைப் பிஎஃப்எஸ் என்ற சொந்த வடிவில் கட்டுகிறது. நிரலுக்குள் சுருக்கப்பட்ட ஒரு கட்டு, அதை விரித்தால் பிஎஃப்எஸ், புள்ளி, எச்டிஆர், புள்ளி என்று தொடங்கும் துண்டுகள், அவற்றுக்குள் மேலும் துண்டுகள். கையால் பிரிக்க முயன்று ஒரு மாலைப்பொழுதை வீணாக்கியிருக்கிறேன். பிளேட்டோ மாவ்ரோபூலோஸ் எழுதி இலவசமாக வெளியிட்டிருக்கும் பயாஸ்யூட்டிலிட்டீஸ் என்ற பைத்தான் தொகுப்பில் டெல்லுக்கென்றே ஒரு பிரிப்பான் இருக்கிறது. பயாஸ் எழுதித் தரும் நிறுவனங்களான ஏஎம்ஐ, இன்சைட், பீனிக்ஸ் ஆகியோரின் பொதிகளுக்கும் அதில் பிரிப்பான்கள் உண்டு. இந்தத் துறையில் இரவு பகல் கிடப்பவர்கள் அவருக்கு நிறையவே கடன்பட்டிருக்கிறார்கள்.

லினக்ஸ் கணினிகளுக்கு ஃபர்ம்வேர் அப்டேட் வழங்கும் எல்விஎஃப்எஸ் சேவையில் உங்கள் மாடல் இருந்தால் வேலை இன்னும் எளிது. அங்கே எல்லாம் கேப் என்ற வகைச் சுருக்கக் கோப்புகள். செவன்-ஜிப்பே போதும்; உள்ளே ஃபர்ம்வேர் கோப்பு ஒன்றும், அது எந்த மாடலுக்கு, எந்தப் பதிப்பு என்று சொல்லும் எக்ஸ்எம்எல் கோப்பு ஒன்றும் தனித்தனியாக இருக்கும்.

ஏசர் உள்ளிட்ட பலர் பயன்படுத்தும் இன்சைட் பொதியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். கையால் பிரித்துப் பழக இதைவிட நல்ல பொதி கிடையாது. பொதிக்குள் ஐஎஸ்ஃபிளாஷ் என்ற பெயரில் ஒரு பெரிய கோப்பு இருக்கும். அதை ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து, டாலர் குறி, அடிக்கோடு, ஐஃபிளாஷ், அடிக்கோடு, பயாஸ்ஐஎம்ஜி என்ற பதினாறு எழுத்து அடையாளத்தை ஆங்கிலப் பேரெழுத்துகளில் தேடுங்கள். அடையாளத்தை அடுத்து நான்கு பைட்டில் மொத்த நீளம், இன்னொரு நான்கு பைட்டில் படிமத்தின் நீளம். இரண்டாவது நான்கில் 00 00 80 00 என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இன்டெல் உலகில் சிறிய பைட் முதலில் வரும் என்பதால் பின்னாலிருந்து படிக்க வேண்டும்: 00 80 00 00. பதினாறின் அடிமானத்தில் உள்ள இந்த எண்ணைப் பத்தின் அடிமானத்துக்கு மாற்றினால் 83,88,608. சரியாக 8 எம்பி. அடையாளத்தின் முதல் எழுத்திலிருந்து 24 பைட் தாண்டி, அங்கிருந்து அத்தனை பைட்டைத் தேர்ந்தெடுத்து வேறு கோப்பாகச் சேமித்தால் பயாஸ் உங்கள் கையில்.

எதற்கும் மசியாத பொதியும் உண்டு. அதை விண்டோஸில் ஓட்டி, முதல் உரையாடல் பெட்டி வந்ததும் எதையும் அழுத்தாமல் அப்படியே விட்டுவிட்டு, தற்காலிகக் கோப்புறையில் புதிதாக முளைத்திருக்கும் கோப்புகளை நகலெடுப்பது பட்டறைகளில் பழைய உத்தி. சம்பந்தமில்லாத வேறு கணினியிலோ மெய்நிகர் கணினியிலோ மட்டும் இதைச் செய்யுங்கள். சில நிரல்கள் கேட்காமலே எழுதத் தொடங்கிவிடும்.

## கிடைத்தது என்ன?

கோப்பு கிடைத்தவுடன் நான் முதலில் பார்ப்பது அதன் அளவை. எம்பி கணக்கு போதாது. பைட் கணக்கு வேண்டும். 1,67,79,264 பைட் கொண்ட ஒரு கேப்ஸ்யூல் கோப்பு உங்களிடம் இருக்கிறது என்று வையுங்கள். 16 எம்பி என்பது 1,67,77,216. வித்தியாசம் 2,048. அந்த 2,048 பைட்தான் தலையில் போர்த்தியிருக்கும் உறை. உறையோடு சிப்பில் எழுதினால் எல்லாமே 2,048 பைட் நகர்ந்துவிடும், ஒன்றும் ஓடாது. பயாஸ் படிமங்களைப் பிரித்துக் காட்ட நிக்கொலாய் ஷ்லேய் எழுதிய யூஇஎஃப்ஐடூலில் கோப்பைத் திறந்தால் மேலே கேப்ஸ்யூல் என்று காட்டும்; அதன் உடலை மட்டும் பிரித்துச் சேமிக்கும் வசதியும் அதிலேயே இருக்கிறது.

அடுத்தது, இது முழுப் படிமமா பயாஸ் பகுதி மட்டுமா என்பது. இன்டெல் படிமமானால் தொடக்கத்திலிருந்து 16 பைட் தள்ளிப் பாருங்கள். 5ஏ ஏ5 எஃப்0 0எஃப் என்ற நான்கு பைட் இருந்தால் டிஸ்கிரிப்டரோடு கூடிய படிமம். இல்லாவிட்டால் பயாஸ் பகுதிதான். அது உண்மையிலேயே பயாஸ்தானா என்பதற்கு அடிக்கோடும் எஃப்விஎச்-ம் சேர்ந்த நான்கெழுத்தைத் தேடுங்கள். பயாஸ் பகுதி ஃபர்ம்வேர் வால்யூம் என்ற துண்டுகளாக இருக்கும்; ஒவ்வொரு வால்யூமும் தன் தொடக்கத்திலிருந்து 40 பைட் தள்ளி இந்த முத்திரையைக் குத்தியிருக்கும். கோப்பு முழுவதும் தேடியும் ஒன்றுகூட அகப்படவில்லை, வெற்று எஃப்எஃப் பகுதியும் எங்கும் இல்லை என்றால், அது இன்னும் சுருக்கப்பட்டோ மறையாக்கம் செய்யப்பட்டோ இருக்கிறது. அந்த நிலையில் சிப்புக்கு அருகே கொண்டுபோகாதீர்கள்.

கடைசியாக, கோப்பின் கடைசி 16 பைட். எக்ஸ்86 செயலி உயிர்பெற்றதும் தன் முதல் கட்டளையை 4 ஜிபி முகவரி வெளியின் உச்சியிலிருந்து 16 பைட் கீழே தேடுகிறது. இன்டெல் கணினிகளில் சிப்பின் கடைசி பைட் அந்த உச்சியில்தான் போய் உட்காருகிறது. எனவே நல்ல இன்டெல் பயாஸ் படிமத்தின் கடைசி 16 பைட்டில் ஒரு தாவல் கட்டளையாவது இருக்க வேண்டும். அங்கே வெறும் எஃப்எஃப் இருந்தால் கோப்பு பாதியில் வெட்டப்பட்டிருக்கிறது, அல்லது வால்பக்கம் ஏதோ ஒட்டியிருக்கிறது. இந்த ஒரு பார்வை பல முறை என்னைக் காப்பாற்றியிருக்கிறது.

## சொந்தச் சிப்பை வாசித்தல்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் சிப்பை ஏன் வாசித்து வைக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு 2017-இன் கடைசி வாரங்களை நினைவூட்டுவேன். உபுண்டு 17.10-இன் கெர்னலில் இருந்த ஒரு எஸ்பிஐ டிரைவர், லெனோவோ உள்ளிட்ட சில மடிக்கணினிகளில் பயாஸ் அமைப்புகளைச் சேமிக்கவே முடியாதபடி செய்துவிட்டது. பதிவிறக்கத்தையே திரும்பப் பெற்று, அடுத்த ஜனவரியில் 17.10.1 என்று மறுபடி வெளியிட்டார்கள். யாரும் கணினியைத் திறக்கவில்லை, யாரும் பயாஸை அப்டேட் செய்யவில்லை.

மடிக்கணினிக்குள்ளிருந்தபடியே, இயங்கு தளத்திலிருந்து சிப்பை வாசிக்க ஃபிளாஷ்ராம் போன்ற கருவிகள் முயலும். மடிக்கணினிகளில் அது எனக்கு உவப்பில்லை. இசி-யும் அதே சிப்பைப் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம்; நடுவில் கைவைத்தால் கணினி சட்டென்று அணைந்துவிடக்கூடும். எம்ஈ பகுதியை வாசிக்க டிஸ்கிரிப்டரே பெரும்பாலும் அனுமதிக்காது. எனவே வெளியிலிருந்து சிப்பை வாசிக்கவும் எழுதவும் புரோகிராமர் என்ற ஒரு சிறு கருவி.

சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் எடுத்துத் தரும் கறுப்பு நிற சிஎச்341ஏ புரோகிராமர் விலை மலிவானது, வேலையும் செய்யும். ஆனால் அதன் பல பதிப்புகளில் ஒரு கோளாறு உண்டு. சிப்புக்கு 3.3 வோல்ட் மின்சாரம் கொடுத்தாலும், தரவுக் கம்பிகளில் 5 வோல்ட் வந்துகொண்டிருக்கும். வாங்கியவுடன் சிப் எதையும் மாட்டாமல் மல்டிமீட்டரால் அந்தக் கால்களை அளந்து பாருங்கள்.

சிப்பின் பெயரைப் பூதக்கண்ணாடி வைத்துக் கடைசி எழுத்துவரை படியுங்கள். டபிள்யூ25க்யூ64எஃப்வி என்பது 3.3 வோல்ட் சிப். டபிள்யூ25க்யூ64எஃப்டபிள்யூ என்பது 1.8 வோல்ட் சிப். ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். தவறினால் சிப்பே கருகலாம். மேக்ரானிக்ஸில் எம்எக்ஸ்25எல் 3.3 வோல்ட், எம்எக்ஸ்25யு 1.8 வோல்ட். கிகாடிவைஸில் ஜிடி25-க்குப் பின் எல் வந்தால் 1.8 வோல்ட் என்று எச்சரிக்கையாகுங்கள். 1.8 வோல்ட் சிப்புக்குத் தனி அடாப்டர் பலகை வேண்டும்.

கணினியின் சார்ஜரைப் பிடுங்குங்கள், பேட்டரியின் இணைப்பைக் கழற்றுங்கள், நாணய பேட்டரியையும் எடுத்துவிடுங்கள். எக்ஸ்230-இல் விசைப்பலகையையும் கைவைக்கும் பலகையையும் கழற்றினால், மெல்லிய கறுப்புப் படலத்துக்கு அடியில் இரண்டு சிப்களும் தெரியும். உங்கள் பக்கம் இருப்பது 8 எம்பி, திரைப்பக்கம் இருப்பது 4 எம்பி. சிப்பின் மூலையில் உள்ள சிறு புள்ளி முதல் காலைக் குறிக்கிறது. கிளிப்பின் சிவப்புக் கம்பி அந்தக் காலோடு சேர வேண்டும்.

வாசிப்பு ஒருமுறை போதாது. கிளிப்பைக் கழற்றி மறுபடி மாட்டி இரண்டாவது முறை வாசியுங்கள். கோப்பின் கைரேகை போன்ற எஸ்எச்ஏ-256 மதிப்பு இரண்டு கோப்புகளுக்கும் ஒன்றாக இருந்தால்தான் அதை டம்ப், அதாவது சிப்பின் முழு நகல், என்று நான் ஏற்றுக்கொள்வேன். கிளிப்பைக் கழற்றாமலே இரண்டாவது முறை வாசித்தால், சரியாகத் தொடாத கால் இரண்டு முறையும் ஒரே தவறைச் சொல்லக்கூடும். சிப்பே கண்டுபிடிக்கப்படவில்லை என்று வந்தால் போர்டின் மற்ற பாகங்கள் மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கலாம். அப்போது சிப்பை ஹாட் ஏர் வைத்துக் கழற்றி, சாக்கெட்டில் வைத்து வாசிப்பதைத் தவிர வழியில்லை. கை பழகாதவர் அதைப் பழகியவரிடம் கொடுப்பது மலிவு.

வாசித்ததை உடனே சோதியுங்கள். எக்ஸ்230-ஆனால் 8 எம்பி கோப்பின் பின்னால் 4 எம்பி கோப்பை ஒட்டி 12 எம்பி ஆக்கிக்கொள்ளுங்கள். மாற்றி ஒட்டினால் டிஸ்கிரிப்டர் தொடக்கத்தில் இருக்காது, உடனே தெரிந்துவிடும். கோர்பூட் என்ற திறமூல ஃபர்ம்வேர் திட்டத்தின் ஐஎஃப்டிடூல் இந்தக் கோப்பைப் பகுதி பகுதியாக அறுத்து, டிஸ்கிரிப்டர், பயாஸ், எம்ஈ, வலையமைப்பு என்று தனித்தனிக் கோப்புகளாகத் தரும். மேலே சொன்ன அளவுகள் அப்படியே வருகின்றனவா என்று பாருங்கள்.

மூல டம்ப்பைப் படிக்க மட்டும் என்று பூட்டி, இரண்டு இடங்களில் வையுங்கள். பெயரில் மாடல், போர்டு எண், சிப்பின் பெயர், தேதி எல்லாம் இருக்கட்டும். இணையத்தில் கேட்பவருக்கெல்லாம் அதைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் வரிசை எண், மேக் முகவரி, விண்டோஸ் சாவி எல்லாம் அதற்குள் இருக்கின்றன.

## ஒட்டுப்போடுதல்

இப்போது இரண்டு கோப்புகள்: உங்கள் டம்ப், பொதியிலிருந்து எடுத்த சுத்தமான பயாஸ். டம்ப்பின் உடம்பில் பொதியின் நல்ல சதையை வைத்துத் தைக்கப்போகிறோம். முதலில் டம்ப்பின் நகல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மூலத்தைத் தொட வேண்டாம்.

இரண்டையும் யூஇஎஃப்ஐடூலில் அடுத்தடுத்த சாளரங்களில் திறந்து, பயாஸ் பகுதியின் வால்யூம்களை ஒப்பிடுங்கள். வால்யூம்களின் எண்ணிக்கையும் ஒவ்வொன்றின் தொடக்கமும் நீளமும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் பதிப்பு வேறு, அல்லது போர்டு வேறு. அடிபட்ட டம்ப்பில் கருவி தவறுகளைப் பட்டியலிடும்: இந்த வால்யூமின் சரிபார்ப்புத் தொகை தவறு, அந்தக் கோப்பு பாதியில் முடிகிறது என்று. எந்த வால்யூமில் காயம் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

காயப்பட்ட வால்யூம் தொடங்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, ஹெக்ஸ் எடிட்டரில் பொதியின் அதே வால்யூமை நகலெடுத்து, டம்ப்பின் அதே இடத்தில் மேலெழுதுங்கள். நுழைத்தல் முறையில் ஒட்டிவிட்டால் பின்னால் உள்ளதெல்லாம் தள்ளிப்போய்விடும். முடிந்ததும் கோப்பின் மொத்த நீளம் ஒரு பைட்கூட மாறியிருக்கக் கூடாது. என்விராம் வால்யூமை மட்டும் உங்கள் டம்ப்பில் இருந்தபடியே விடுங்கள். காயம் என்விராமிலேயே இருந்தால் பொதியில் உள்ளதைத்தான் வைக்க வேண்டியிருக்கும். அப்போது வரிசை எண்ணை டம்ப்பில் தேடிக் குறித்துவைத்துக்கொண்டு, பிறகு மீட்டெடுக்கப் பாருங்கள்.

2013-இல் வந்த நான்காம் தலைமுறை இன்டெல் செயலிகள் முதல் பூட் கார்டு என்ற காவல் வந்துவிட்டது. தயாரிப்பாளர் அதை இயக்கிவைத்திருந்தால், கையொப்பமிட்ட பகுதியில் ஒரு பைட் மாறினாலும் கணினி துவங்காது. அத்தகைய கணினிகளில் ஒரு பதிப்பின் வால்யூமையும் இன்னொரு பதிப்பின் வால்யூமையும் கலந்து தைப்பது வீண் வேலை. குறியீட்டு வால்யூம்கள் அனைத்தையும் ஒரே பொதியிலிருந்து, எழுத்து பிசகாமல் எடுத்துவையுங்கள்.

எம்ஈ பகுதி அடிபட்டிருந்தால் கதை நீளம். வேறொரு கணினியின் எம்ஈ அந்தக் கணினிக்கென்று அமைக்கப்பட்டது, அதை அப்படியே எடுத்து ஒட்டுவது சரிவராது. அதே பதிப்பின் சுத்தமான எம்ஈ-யில் உங்கள் போர்டின் அமைப்புகளை ஏற்றித் தயாரிக்க வேண்டும். பழைய இன்டெல் கணினி ஒன்று நன்றாகத் துவங்கி, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 30 நிமிடத்தில் தானாக அணைந்தால், எம்ஈ-மேல்தான் சந்தேகப்பட வேண்டும்.

## எழுதியபின்

எழுதும் கருவி, எழுதியதைத் திரும்ப வாசித்துச் சரிபார்க்கட்டும். அது சரி என்று சொன்ன பிறகும் நான் ஒருமுறை தனியாக வாசித்து ஒப்பிடுவேன். பிறகு கிளிப்பை எடுத்து, ஒரே ஒரு ரேம் மட்டும் போட்டு, ஹார்ட் டிஸ்க் இல்லாமல் துவக்குங்கள்.

முதல் துவக்கத்தில் திரை சில நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கலாம், கணினி தானாக ஓரிரு முறை அணைந்து எழலாம். ரேமைப் புதிதாக அளந்து பழகிக்கொண்டிருக்கிறது. கைகளைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். விண்டோஸ் வட்டை மாட்டியதும், வட்டை மறையாக்கிக் காக்கும் பிட்லாக்கர் மீட்புச் சாவி கேட்கக்கூடும். அதனால் உரிமையாளரிடம் அந்தச் சாவி இருக்கிறதா என்று வேலையைத் தொடங்கும் முன்பே கேட்டு வைத்துக்கொள்வது என் வழக்கம். துவங்கியபின் வரிசை எண், மேக் முகவரி, விண்டோஸ் உரிமம் மூன்றையும் அடிப்பகுதி ஸ்டிக்கரோடும் பழைய டம்ப்போடும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

தொடக்கத்தில் சொன்ன அந்த மடிக்கணினிக்கு ஒப்பிட்டுப் பார்க்க எந்த டம்ப்பும் இல்லை. அதே மாடல் ஒன்று வேறொருவரிடமிருந்து கிடைத்தது. அதன் டிஸ்கிரிப்டரை எடுத்து, சுத்தமான எம்ஈ-யைத் தயாரித்து, வலையமைப்புப் பகுதிக்கு இன்டெலின் வெற்று மாதிரியை வைத்து ஒருவழியாக எழுப்பினேன். விண்டோஸ் சாவி போயே போயிற்று. கம்பிவழி வலையமைப்பின் மேக் முகவரி 88-88-88-88-87-88 என்று நின்றது. இன்டெல் மாதிரியில் வரும் முகவரி அது. இப்படி எழுப்பப்பட்ட இன்னொரு கணினி அதே அலுவலகத்தில் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று வெளியே தள்ளும். உரிமையாளரிடம் அதைச் சொல்லி, முடிந்தவரை வைஃபையில் இருங்கள் என்று கேட்டுக்கொண்டு, பாதிக் கூலி வாங்கினேன்.